யாரும் வர வேண்டாம் என்று சொல்லியிருந்தேன்

1

போன வாரம் எங்கள் மேலாளர் அம்மாள் என்னை அறைக்குக் கூப்பிட்டு ஒரு வேலை கொடுத்தார். நான் இருப்பது அயர்லாந்தில், கடலோரத்துச் சின்ன ஊர் ஒன்றில். அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ். என்னோடு வேலை பார்க்கும் பெண்களில் பாதிப் பேர் வெளிநாட்டுக்காரர்கள். வருடத்துக்கு ஒரு முறை மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்குப் போய்வருகிறவர்கள். அவர்களுக்காக, தொற்றுநோய் பரவும் காலத்தில் பத்திரமாகப் பயணம் செய்வது எப்படி என்று ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதித் தர வேண்டுமாம். "கொரோனா சமயத்தில் இந்தியா போய்வந்தவள் நீதானே தேவகி, உன்னைவிட யாருக்குத் தெரியும்?" என்றார்.

அடுத்தவருக்கு அறிவுரை சொல்வதென்றால் எனக்கு அல்வா சாப்பிடுவது மாதிரி. மாஸ்க்கை மூக்குக்கு மேல் போடு, கையைக் கழுவு, சாப்பாட்டுத் தட்டு வரும்போது பக்கத்து இருக்கைக்காரர் சாப்பிட்டு முடித்த பிறகு நீ மாஸ்க்கைக் கழற்று, காரில் ஏறினால் கண்ணாடியை இறக்கு என்று மளமளவென்று எழுதினேன். பிறகு, 'உங்களை அழைத்துப்போக யாரும் விமான நிலையத்துக்கு வர வேண்டாம் என்று உறவினர்களிடம் முன்கூட்டியே தெரிவிக்கவும்' என்று ஒரு வரி எழுதினேன். எழுதிவிட்டுத் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். அப்புறம் சிரிக்க முடியவில்லை.

நானும் தெரிவித்தேன். ஐந்து முறை தெரிவித்தேன். அதன் கதையை இந்த ஊர்க்காரர்களுக்குச் சொன்னால் விளங்காது. உங்களுக்கு விளங்கும்.

2

எங்கள் ஊருக்குத் திண்டிவனம் தாண்டிக் கூட்டேரிப்பட்டிலிருந்து உள்ளே போக வேண்டும். அங்கே என் அண்ணன் ஏழுமலை இரண்டு ஏக்கர் வைத்துக்கொண்டு ஒரு போகம் நெல்லும் ஒரு போகம் மல்லாட்டையும் போடுகிறவர். மல்லாட்டை என்றால் வேர்க்கடலை. இங்கே இருக்கும் மதுரைப் பெண்ணிடம் ஒரு முறை வாய் தவறி அப்படிச் சொல்லிவிட்டு இரண்டு நாள் கிண்டலுக்கு ஆளானேன். அண்ணன் என்னைவிடப் பதினோரு வயது மூத்தவர். அப்பா சீக்கிரமே போய்விட்டதால் என்னை நர்ஸிங் படிக்க வைத்தது, கல்யாணம் செய்து வைத்தது, விமானம் ஏற்றி விட்டது எல்லாம் அவர்தான். ஒவ்வொரு முறை நான் ஊருக்குப் போகும்போதும் என் கையிலிருந்து பெட்டியைப் பிடுங்கிக்கொள்வதுதான் அவர் சொல்லும் முதல் வார்த்தை.

அவருக்குச் சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போனது கொரோனாவுக்கு முந்தைய வருடம். வாரத்தில் செவ்வாயும் வெள்ளியும் விழுப்புரம் போய் டயாலிசிஸ் செய்துகொள்ள வேண்டும். மெஷினில் நாலு மணி நேரம். கூட்டேரிப்பட்டு வந்து பஸ் பிடித்தால் முடிந்த காரியம் என்று இருந்தோம். அப்புறம் ஒரு நாள் பஸ் எல்லாம் நின்றது.

ஊரில் பால் வண்டி ஓட்டும் சேகர்தான் அப்போது கைகொடுத்தான். சுற்று வட்டாரத்துப் பால் கேன்களை ஏற்றிக்கொண்டு விடிந்ததும் விழுப்புரம் போகிறவன். பால் வண்டியை யாரும் நிறுத்தவில்லை. பந்தலுக்குப் போடுகிற கண்ணாடி பிளாஸ்டிக் தாளை வாங்கி, டிரைவர் சீட்டுக்கும் பக்கத்துச் சீட்டுக்கும் நடுவில் மேலிருந்து கீழ்வரை ஆணியடித்துத் தொங்கவிட்டான். யாரும் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. அண்ணனைப் பின்னால் கேன்களோடு ஏற்றாமல், முன்சீட்டில் உட்கார வைத்து, மார்கழிக் குளிரிலும் இரண்டு பக்கக் கண்ணாடியையும் இறக்கிவிட்டு ஓட்டினான். பாலை இறக்கிய பிறகு ஆஸ்பத்திரி மரத்தடியில் துண்டை விரித்துப் படுத்து, நாலு மணி நேரம் காத்திருந்து திரும்பக் கூட்டி வந்தான். அவனுக்குக் காய்ச்சல் வந்த வாரம் அவன் மச்சான் ஓட்டினான். வண்டி கெட்டுப்போன வெள்ளிக்கிழமை, ஊரில் யாரோ டிராக்டரில் கொண்டுபோய் விட்டார்கள்.

நான் இங்கே முழுக்கவசம் போட்டுக்கொண்டு, மூச்சுத் திணறுகிற கிழவர்களின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் மாடியில் மட்டும் இரண்டு வாரத்தில் ஒன்பது பேர் போனார்கள். நோயை உள்ளே கொண்டுவந்தது யார் என்று கடைசிவரை தெரியவில்லை. நானாக இருக்குமோ என்ற எண்ணம் இன்றுவரை என்னை விட்டுப் போகவில்லை.

3

அடுத்த வருடத் தொடக்கத்தில் அண்ணி மல்லிகா போன் செய்தார். "அவரு சரியா சாப்புடறதில்லம்மா. பேச்சே கொறைஞ்சி போச்சி. செவுத்தப் பாத்துகினே உக்காந்துகினு கீறாரு. ஒரு தபா வந்துட்டுப் போயேன்" என்றார். அண்ணி எதையும் கேட்கிறவர் இல்லை. நான் உடனே விடுப்பு எழுதிக் கொடுத்தேன்.

அந்தச் சமயத்தில் இங்கிருந்து கிளம்புவதற்கு அவசியம் என்ன என்று நிரூபிக்க வேண்டும். என் பாஸ்போர்ட்டில் பெயருக்குப் பின்னால் கணவர் பெயர். அண்ணனுடைய ஆஸ்பத்திரிக் கடிதத்தில் அவர் பெயருக்கு முன்னால் அப்பாவின் இனிஷியல், அதுவும் ஒற்றை எழுத்து. கூடப் பிறந்தவர்கள் என்றால் குடும்பப் பெயர் எங்கே என்று கேட்டார்கள். எங்களுக்குக் குடும்பம் உண்டு, குடும்பப் பெயர் கிடையாது என்று சொல்லிப் பார்த்தேன். விமான நிலையத்தில் ஒரு காவலர் தாளைப் புரட்டிவிட்டு, ரொம்ப மரியாதையாக, "உங்கள் அண்ணன் இறக்கும் நிலையில் இருக்கிறாரா?" என்று கேட்டார். "அந்த நிலைக்குப் போகாமல் இருப்பதற்காகத்தான் போகிறேன்" என்றேன். என்ன நினைத்தாரோ, விட்டுவிட்டார்.

என் மகள் மீனாவுக்கு அப்போது பதினோரு வயது. தமிழ் புரியும், பதில் ஆங்கிலத்தில்தான் வரும். மாமாவை அவள் நேரில் பார்த்தது மூன்றே முறை. "அவருக்கு அத்தை இருக்கிறார், ஊர் முழுக்க ஆட்கள் இருக்கிறார்கள், நீ எதற்கு?" என்று கேட்டாள். எனக்குக் கோபம் வந்தது. அடுத்த கேள்வியில் அது அடங்கிவிட்டது. "நீயே அதைக் கொண்டுபோய் அவருக்குக் கொடுத்துவிட்டால்?"

எனக்குத் தடுப்பூசி இரண்டும் போட்டாகிவிட்டது. அண்ணனுக்கு ஒன்றுகூட இல்லை. அவருக்கு வந்தால் தாங்காது. இது நர்ஸுக்குத் தெரிந்த விஷயம், தங்கை தனியாக யோசிக்கத் தேவையில்லை. ஆகவே திட்டம் போட்டேன். சென்னையிலிருந்து டாக்ஸி. வயலில் பம்ப்செட் வைத்திருக்கும் அறையை, எங்கள் பேச்சில் மோட்டார் கொட்டாயை, அண்ணி சுத்தம் செய்து கட்டில் போட்டு வைப்பார். அங்கே தனியாக இருப்பேன். டெஸ்ட் எடுத்த பிறகுதான் வீட்டுப் படி ஏறுவேன். யாரும் ஏர்போர்ட்டுக்கு வர வேண்டாம். இதைப் போனில் ஐந்து முறை சொன்னேன். ஐந்து முறையும் அண்ணன் "சரி பாப்பா" என்றார்.

4

இரண்டு மாஸ்க், அதன் மேல் கண்ணாடித் தகடு, மூன்று விமான நிலையம், விமானத்தில் சாப்பாட்டைத் தொடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் தும்மும்போதெல்லாம் நான் முறைத்த முறைப்பில் அவர் தும்முவதற்கே பயந்திருப்பார். ஞாயிற்றுக்கிழமை காலை சென்னையில் இறங்கி, படிவங்களை எல்லாம் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். வந்து பார்த்தால் தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் எங்கள் ஊர்.

பதினோரு பேர். வேன் வைத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். அண்ணி பட்டுப்புடவையில் இருந்தார். ஒரு கையில் எலுமிச்சை சாதத் தூக்கு, இன்னொரு கையில் ரோஜாப்பூ மாலை. சேகர் புதுச் சட்டை போட்டிருந்தான். எல்லோருடைய மாஸ்க்கும் தாடைக்குக் காவல் இருந்தது. அவர்களுக்கு முன்னால், இடது கையில் டயாலிசிஸ் ஊசி குத்திய இடம் புடைத்துத் தெரிய, அண்ணன். முகம் உப்பி, உடம்பு வற்றி, ஆள் பாதியாக இருந்தார். என்னைப் பார்த்ததும் கம்பியைச் சுற்றிக்கொண்டு, வலது கையை நீட்டியபடி, பெட்டியை வாங்க வந்தார்.

"அங்கயே நில்லு!" என்று கத்தினேன்.

பக்கத்தில் இருந்த போலீஸ்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார். அண்ணன் நின்றார்.

"யாரு உன்ன வரச் சொன்னது? எத்தினி தபா சொன்னேன்? நான் எங்கெங்க இருந்து வர்றேன்னு தெரியுமா? உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா அப்புறம் எனக்கு இந்த ஊர்ல யாரு கீறாங்க? கிட்ட வந்த, அப்படியே திரும்பிப் போயிடுவேன்!"

வெளிநாடு போனதிலிருந்து பதினேழு வருடமாக நான் பேசாத ஊர்ப் பேச்சு, அப்படியே வாயில் வந்தது. அண்ணன் நீட்டின கையை மெதுவாக இறக்கினார். போய் வேனில் ஏறிக்கொண்டார். அண்ணிக்கு முகம் சிவந்துவிட்டது. தூரத்தில் இருந்தபடியே, "நீ வேணாம்னுதான் சொன்ன. என்னிக்குத்தான் நீ வாங்கன்னு சொல்லியிருக்க? ஒவ்வொரு தபாவும் வேணாம் வேணாம்னு சொல்ற, நாங்க வர்றோம், நீ சிரிச்சிகினே எறங்கி வர்ற. இந்தத் தபா மட்டும் நெஜமாவே வேணாம்னு எப்படிம்மா தெரியும்?" என்றார்.

அவர் சொன்னதில் ஒரு பொய் இல்லை. நம் பக்கத்தில் வேண்டாம் என்பது மரியாதைக்குச் சொல்வது. இன்னொரு இட்லி வேண்டாம் என்றால் தட்டில் இரண்டு விழும். வழியனுப்ப வேண்டாம் என்றால் பஸ் ஸ்டாண்டுவரை வருவார்கள். நானும் அதை நம்பித்தான் இத்தனை வருடம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இந்த முறை யாராவது வராமல் இருந்திருந்தால்தான் அதிசயம்.

5

வேன் முன்னால், என் டாக்ஸி பின்னால். அண்ணன் வேனின் கடைசி சீட்டில் உட்கார்ந்திருந்தார். பின்கண்ணாடியில் அவர் தலை தெரிந்தது. செங்கல்பட்டு தாண்டியும் அது என் பக்கமே திரும்பியிருந்தது. ஒலக்கூர் வரும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. இரண்டு மாஸ்க்குக்குள் அழுவது எவ்வளவு அவஸ்தை என்று அழுது பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

திண்டிவனம் கடந்து கூட்டேரிப்பட்டு வந்ததும் வேன் நின்றது. வீட்டுக்குப் போய்ச் சேர இன்னும் பத்தே நிமிடம் இருக்கும்போது டீ குடிக்க இறங்குவது நம் ஜனங்களுக்கு மட்டுமே கைவந்த கலை. போனை எடுத்துத் திட்ட ஆரம்பிப்பதற்குள், அண்ணன் ஒரு காகிதக் கப்போடு என் டாக்ஸியை நோக்கி வந்தார். மாஸ்க் மூக்குக்கு மேல் இருந்தது. பத்தடி தூரத்தில் நின்றார். சாலையோரக் கல்லின் மேல் கப்பை வைத்தார். என்னைப் பார்க்காமல் திரும்பி நடந்துவிட்டார். அவருக்கு டாக்டர் அளந்து கொடுத்திருந்த தண்ணீர்க் கணக்கில் டீ கிடையாது. எனக்காக மட்டும் வாங்கியது.

டிரைவர் எடுத்துக் கொடுத்தார். அவரை எட்டி நிற்கச் சொல்லிவிட்டு அந்த டீயைக் குடித்தேன். சர்க்கரை தூக்கலாக இருந்தது, நான் சின்ன வயதில் குடித்த அளவு.

6

மோட்டார் கொட்டாய் வீட்டிலிருந்து ஒரு கூப்பிடு தூரம். பக்கத்தில் கிணறு, அதை ஒட்டி ஊரிலிருந்து வரும் தார் ரோடு. பால் வண்டி அந்த வழியாகத்தான் போகும். செவ்வாய்க்கிழமை விடிந்ததும் அண்ணன் போவதைப் பார்க்கலாம் என்று வாசலில் நின்றேன். வண்டி வந்தது. பிளாஸ்டிக் தாளுக்கு இந்தப் பக்கம் சீட் காலியாக இருந்தது.

சேகர் வண்டியை நிறுத்தி, ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினான். "அக்கா, அண்ணன் வரலக்கா. ஆரன் அடிச்சிகினே இருந்தேன். ஒடம்பு முடியலன்னு சொல்லிட்டாரு. எனக்கு அது ஒடம்பா தெரியல. நீங்க பேசிப் பாருங்க."

ஒரு டயாலிசிஸைத் தவறவிடுவது என்ன என்று எனக்குத் தெரியும். இரண்டைத் தவறவிட்டால் என்ன என்பதும் தெரியும். பத்து முறை போன் செய்த பிறகு எடுத்தார்.

"போதும் பாப்பா. ஒரு வருஷமா ஊரையே பேஜாரு பண்ணிகினு கெடக்கறேன். சேகரு ஒரு வேலைக்குப் போக முடியல. அண்ணி எங்கியும் போக முடியல. உன்ன ஒரு தபா கண்ணால பாத்துட்டா போதும்னு இருந்தேன். அதான் சொல்லச் சொல்லக் கேக்காம ஏர்போர்ட்டுக்கு வந்தேன். பாத்தாச்சி."

கடைசியாகப் பார்ப்பதாக நினைத்து வந்த மனிதரிடம்தான் ஊர் முன்னால் அப்படிக் கத்தியிருக்கிறேன். கெஞ்சினேன், அழுதேன், நர்ஸாக மிரட்டினேன். "சரி பாப்பா" என்றார். அவருடைய சரி எப்படிப்பட்டது என்பதுதான் தெரியுமே.

அன்று சாயங்காலம் எனக்குக் காய்ச்சல் வந்தது. புதன்கிழமை சுகாதார நிலையத்திலிருந்து ஒரு தம்பி முழுக்கவசத்தோடு வந்து மூக்கில் குச்சி விட்டுப் போனார். வியாழன் மத்தியானம் முடிவு வந்தது. பாசிட்டிவ். இவ்வளவு கவசத்துக்குள்ளும் எங்கிருந்து நுழைந்தது என்று தெரியவில்லை. முதலில் டாக்ஸி டிரைவருக்கு போன் செய்தேன். அவர் நன்றாக இருந்தார். அப்புறம் அண்ணிக்குச் சொன்னேன். சொல்லிவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். அந்தக் காலையில் பெட்டியை அவர் கையில் கொடுத்திருந்தால், அதே வேனில் ஏறி மூன்று மணி நேரம் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால். இருமல் வந்தது. யோசிப்பதை நிறுத்திக்கொண்டேன்.

ஒரு மணி நேரம் கழித்துக் கிணற்றடியில் சத்தம் கேட்டது. அண்ணன். இரண்டு மாஸ்க் போட்டிருந்தார். ஊசி குத்தாத வலது கையில் அரிவாளும் ஒரு குலை இளநீரும். சிறுநீரகக்காரர் வாயில் வைக்கவே கூடாத சமாசாரம் இளநீர். கிணற்றுச் சுவரின் மேல் ஒன்றைச் சீவி வைத்துவிட்டு, பத்தடி பின்னால் போய் நின்றார்.

"குடி. காச்ச எவ்ளோ கீது?"

சொன்னேன்.

"மூச்சு வாங்குதா?"

"இல்லண்ணா."

"ராத்திரி எதுனா பண்ணா போன் பண்ணு. சேகரு வண்டி ரெடியா இருக்கும். கேப்பைக் கஞ்சி கொண்டாரேன். அண்ணிய இங்க வர வேணாம்னுட்டேன், நாந்தான் வருவேன்." அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டார். "நாளைக்குக் காலையில மட்டும் வர மாட்டேன். விழுப்புரம் போவணும். மத்தியானம் வந்துடுவேன். நீ இப்படிப் படுத்துகினு கீறச்ச நானும் படுத்துகினா எப்படி?"

நான் கெஞ்சியபோது அசையாத மனிதர். எனக்கு உடம்புக்கு வந்ததும் எழுந்துவிட்டார். ஒரு வருடமாக எல்லோரும் அவரைத் தூக்கிச் சுமந்துகொண்டிருந்தோம். அவரை நம்பி ஒரு வேலையைக் கொடுக்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. கொரோனாவுக்கு நன்றி சொல்கிற அளவுக்கு எனக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை. ஆனால் அந்த இளநீரைக் குடித்தபோது எனக்கு இருந்த சந்தோஷத்தை மறைப்பானேன்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் ரோட்டில் இரண்டு முறை ஆரன் அடித்தது. போர்வையோடு வாசலுக்கு வந்தேன். முன்சீட்டில் அண்ணன். கையை உயர்த்தினார். வண்டி போன பிறகும் ரொம்ப நேரம் நின்றுகொண்டிருந்தேன். ஆஸ்பத்திரியில் அவருக்கு எடுத்த டெஸ்ட் நெகட்டிவ் என்று மறுநாள் தெரிந்தது.

ஏர்போர்ட்டில் என்னிடம் திட்டு வாங்கிய ஜனங்களும் சும்மா இருக்கவில்லை. தினம் வேலியில் ஏதாவது தொங்கும். வேகவைத்த மல்லாட்டை, முருங்கைக்கீரை, ஒரு நாள் மயிலம் கோயில் விபூதி. யார் வைத்தது என்று கேட்டால் யாரும் சொல்லவில்லை. அவர்கள் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இதை எழுதும்போதுகூட அதற்காகக் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

7

எனக்கு இருந்தது ஒரு மாத விடுப்பு. அதில் பதினேழு நாள் கொட்டாயிலேயே போய்விட்டது. நெகட்டிவ் வந்த பிறகு வந்த வெள்ளிக்கிழமை, நானும் அண்ணனோடு விழுப்புரம் போனேன். அவர் முன்சீட்டில், தாளுக்கு அந்தப் பக்கம். நான் பின்னால் பால் கேன்களோடு, காற்றில். வயது நாற்பத்தைந்து, அயர்லாந்தில் சீனியர் நர்ஸ், பால் கேன் மேல் உட்கார்ந்து போகிறேன் என்று மீனாவுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். சிரித்து உருண்டாள்.

டயாலிசிஸ் பிரிவின் வாசலில் ஒரு பெண் மேசை போட்டு உட்கார்ந்து பெயர் எழுதிக்கொண்டிருந்தார். நோயாளியோடு ஒருவர்தான் வரலாம், அவரும் வெளியேதான் இருக்க வேண்டும். அண்ணனைப் பார்த்ததும், "இன்னிக்கு அட்டெண்டர் வந்திருக்காங்களா? இவங்களா?" என்று என்னைக் காட்டிக் கேட்டார்.

நான் ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

"இல்லம்மா" என்றார் அண்ணன். "இது பேஷண்ட்டு. கொரோனா வந்து படுத்துடிச்சி. இத்தினி நாளா நாந்தான் இதுக்கு அட்டெண்டரு."

அந்தப் பெண் சிரித்துவிட்டார். அண்ணன் என் பக்கம் திரும்பி, "வெயில்ல நிக்காத. அந்த மரத்தடியில போய் உக்காரு. நாலு மணி நேரத்துல வந்துடறேன்" என்றார். சொல்லிவிட்டு, யாரையும் பிடித்துக்கொள்ளாமல், தானாகவே உள்ளே நடந்து போனார்.

அதற்கப்புறம் அவர் ஒரு முறைகூடத் தவறவிடவில்லை. பஸ் எல்லாம் பழையபடி ஓடுகிறது. இருந்தாலும் அவர் பால் வண்டியில்தான் போகிறார், சேகர் விடுவதில்லை. இன்று வெள்ளிக்கிழமை. நான் வேலைக்குக் கிளம்பும்போது போனைப் பார்த்தால், ஒவ்வொரு செவ்வாயும் வெள்ளியும் வருகிற அதே செய்தி சேகரிடமிருந்து வந்திருந்தது: "அக்கா, அண்ணன் உள்ள போயிட்டாரு."